அதுல அப்படி என்னதான் இருக்கு? (துப்பாக்கி விளையாட்டுகளின் வரலாறு, திருச்செங்கோடு வழியாக)

போன வருஷம் தம்பி பிளஸ் டூ காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் எழுபதுக்கு 19 வாங்கிக்கொண்டு வந்தான். அன்று ராத்திரி அப்பா அவன் போனைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவர். கை கொஞ்சம் பலம்தான். போன் மூன்று துண்டானது. தம்பி அழவில்லை. அம்மாதான் அழுதார்.

அப்பா என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அதுல அப்படி என்னதான்டா இருக்குது? நீயும்தான ஆடுன? நீ சொல்லு."

நான் எதுவும் சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். உண்மையிலேயே பதில் தெரியவில்லை என்பது இன்னொரு காரணம். ஆறாம் வகுப்பிலிருந்து ஏதாவது ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிற எனக்கு, அதில் என்ன இருக்கிறது என்று நாலு வரி சொல்ல முடியவில்லை. கேவலமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

நான் கேட்கும் கேள்வி இதுதான். வருஷத்துக்கு எத்தனையோ துப்பாக்கி விளையாட்டுகள் வருகின்றன. விமர்சகர்கள் பலவற்றைப் புகழ்கிறார்கள். ஆனால் ஒன்றிரண்டுதான் ஊர் ஊராகப் பரவி, பத்து இருபது வருஷம் நிற்கின்றன. ஏன் அவை மட்டும்?

ஐஸ்பாயும் பலூனும்

முதலில் எஃப்.பி.எஸ். என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு (அப்பாவுக்கும் சேர்த்துத்தான்). திரையில் நாயகன் தெரியமாட்டான். அவன் கண்ணுக்குத் தெரிவதுதான் நமக்கும் தெரியும். கீழே துப்பாக்கியும் கையும் மட்டும். மரியோ ஆடும்போது ஓடுகிற மரியோவை நாம் வெளியே இருந்து பார்க்கிறோம். இதில் ஓடுவதே நாம்தான்.

இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்தால் நம் ஊரில் இரண்டு பழைய வடிவங்கள் இருக்கின்றன. ஒன்று, மாரியம்மன் பண்டிகைக் கடைகளில் இருக்கும் பலூன் சுடுதல். ஏர்கன்னைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, குறிமுள்ளில் பலூனை நிறுத்துகிற அந்த ஒரு நொடி. டப்பென்று வெடித்தால் வரும் சந்தோஷத்துக்கும் பலூனுக்கும் சம்பந்தமே இல்லை. குறி சரியாக இருந்தது என்பதுதான் சந்தோஷம்.

இரண்டாவது ஐஸ்பாய். ஆங்கிலத்தில் 'நான் பார்த்துவிட்டேன்' என்று பொருள் தரும் 'ஐ ஸ்பை'தான் நம் வாயில் ஐஸ்பாய் ஆனது. இதில் துப்பாக்கி கிடையாது, பார்ப்பதுதான் சுடுவது. யார் முதலில் பார்க்கிறானோ அவன் ஜெயிக்கிறான். திண்ணைத் தூணுக்குப் பின்னாலிருந்து பாதித் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பதும், காலடிச் சத்தம் கேட்காமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதும், பின்னாலிருந்து வந்து முதுகில் தட்டுவதும்... கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்கு இதெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? :-)

ஆக, குறி பார்ப்பதும் ஒளிந்து பார்ப்பதும் பழைய ஆசைகள். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்தது.

மாணவர்கள் செய்த வேலை

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த விஷயம், முக்கியமான இடங்களிலெல்லாம் நம்மைப் போன்ற பையன்கள் நிற்பதுதான்.

1973-74ல் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த சில இளைஞர்கள் 'மேஸ் வார்' என்று ஒன்றை எழுதினார்கள். கோடுகளால் வரைந்த ஒரு புதிர்ப்பாதை. அதற்குள் நடந்து போய் எதிரே வருபவனைச் சுடவேண்டும். இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்து ஆடலாம். இந்த வகையின் மூதாதை இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். அதாவது, இந்த விளையாட்டு பிறந்தபோதே பக்கத்தில் ஒரு நண்பனும் இருந்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1992 மே மாதம் ஐடி சாஃப்ட்வேர் என்ற சின்னக் கம்பெனி 'உல்ஃபென்ஸ்டைன் 3டி'யை வெளியிட்டது. அடுத்த வருஷம், 1993 டிசம்பர் 10 அன்று 'டூம்'. ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ ஆகியோரின் பெயர்கள் அதன் பிறகு உலகம் முழுக்கத் தெரிந்தன. டூமை அவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில் ஏற்றப் போனபோது, முன்பே காத்திருந்த கூட்டத்தில் சர்வரே திணறியது. (நம்ம ஊர் ரிசல்ட் நாள் மாதிரி!)

டூம் ஏன் அப்படிப் பரவியது? தொழில்நுட்பம் அசத்தல்தான். ஆனால் அதைவிட முக்கியமாக மூன்று முடிவுகளைச் சொல்வேன்.

ஒன்று: மூன்று பாகங்களில் முதல் பாகம் இலவசம். காப்பி எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று கம்பெனியே சொன்னது. பிடித்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்கலாம்.

இரண்டு: நெட்வொர்க்கில் நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் அந்த ஆட்டத்துக்கு 'டெத்மேட்ச்' என்று பெயர் வைத்தார்கள். ஆபீஸ்களிலும் கல்லூரி லேப்களிலும் வேலை நின்றது.

மூன்று: வரைபடங்கள், படங்கள், சத்தங்கள் எல்லாவற்றையும் தனிக் கோப்பில் வைத்தார்கள். அதனால் ஆடுபவர்களே புது வரைபடம் செய்ய முடிந்தது. ஆடுபவனே ஆசாரியும் ஆனான்.

1996ல் 'க்வேக்' முழு முப்பரிமாணத்தில் வந்தது. இணையத்தில் ஆடுவதைப் பெரிதாக்கியது அதுதான். அதன் எஞ்சினை வாங்கி மாற்றியமைத்து, வால்வ் கம்பெனி 1998 நவம்பரில் 'ஹாஃப் லைஃப்' வெளியிட்டது. கதை சொல்வதில் அதற்கு ஈடில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். வால்வும் மாற்றியமைக்கும் கருவிகளை ஆடுபவர்களுக்குக் கொடுத்தது.

அந்தக் கருவிகளை எடுத்துக்கொண்டு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்தார்கள். மின் லே கனடாவில் படித்துக்கொண்டிருந்தவர், ஜெஸ் கிளிஃப் அமெரிக்காவில். 1999 ஜூனில் அவர்களின் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' சோதனைப் பதிப்பு வந்தது. பணம் எதுவும் வாங்காமல் இணையத்தில் விட்டார்கள். அடுத்த வருஷமே வால்வ் இருவரையும் சேர்த்துக்கொண்டு, 2000 நவம்பரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. உலகம் முழுக்கப் பிரபலமான 'டஸ்ட்', 'டஸ்ட் 2' வரைபடங்களைச் செய்த டேவ் ஜான்ஸ்டன், முதல் டஸ்டைச் செய்தபோது இங்கிலாந்தில் பள்ளி வயதுப் பையன். அவருடைய மண் நிறச் சந்துகளில் நம் ஊரில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வாழ்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா, தெரியவில்லை.

மாமாவின் பிரவுசிங் சென்டர்

இனி நம்ம ஊர். இதில் பாதி என் மாமா (அம்மாவின் தம்பி) சொன்னது. 2002லிருந்து 2013 வரை திருச்செங்கோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எட்டு கம்ப்யூட்டர். பெரும்பாலும் பென்டியம் 3, 128 எம்.பி. ராம். பலகைத் தடுப்பு, பிளாஸ்டிக் சேர், ஒரு டேபிள் ஃபேன், நேரம் குறிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு. பிரவுசிங் மணிக்கு 20 ரூபாய், கேம் 15 ரூபாய்.

"எதுக்கு மாமா கேமுக்குக் கம்மி?"

"மாப்ள, நெட்டுக்குப் போனுக்காரனுக்குக் காசு கட்டோணும். கேமுக்கு நெட்டே வேண்டாமில்ல. கரண்ட் காசு மட்டும்தான்."

இந்த ஒரு பதிலில் பாதி வரலாறு இருக்கிறது. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டே 2005 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் 256 கேபிபிஎஸ். அதற்கு முன்னால் டயல்அப். இணையத்தில் ஆடுவதெல்லாம் கனவு. ஆனால் எட்டு கம்ப்யூட்டரையும் ஒரு ஸ்விட்ச்சில் ஒயர் போட்டு இணைத்துவிட்டால் லேன் தயார். நெட் கிடையாது, ஆனால் வேகம் பறக்கும். வெளிநாட்டில் வீட்டுக்கு வீடு ஆடியதை நாம் ஒரே அறையில் ஆடினோம். வேறு வழி இல்லாததால்!

அங்கே முதல் ராஜா ஐஜிஐ. நார்வே நாட்டு இன்னர்லூப் ஸ்டுடியோஸ் செய்து, 2000 டிசம்பரில் வந்த விளையாட்டு. விமானம் ஓட்டும் விளையாட்டுக்காக அவர்கள் முன்பு எழுதிய எஞ்சினை இதற்கும் பயன்படுத்தியதால், மலையும் வெளியும் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். மேற்கே விமர்சகர்கள் குறை சொன்னார்கள்: மிஷன் நடுவில் சேவ் செய்ய முடியாது, பலர் சேர்ந்து ஆட முடியாது. இந்தியாவிலோ, அந்தக் காலத்து மாணவனிடம் 'டேவிட் ஜோன்ஸ் யார்' என்று கேட்டால் பக்கத்து வீட்டு அண்ணன் மாதிரி சொல்வான்.

எப்படி? முதல் காரணம், அந்தக் காலத்துச் சாதாரண கம்ப்யூட்டரிலேயே அது ஓடியது. இரண்டாவது, விமர்சகர்கள் குறை என்று சொன்னதே இங்கே நிறையானது. சேவ் இல்லாததால் ஒவ்வொரு சாவும் கனமானது. ஒருவன் செத்தால் எழுந்து அடுத்தவனுக்கு மௌஸைக் கொடுப்பான். பின்னால் நாலு பேர் நின்று "லெப்ட்ல கேமரா டா", "டவர்ல ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய விளையாட்டை ஐந்து பேர் ஆடினார்கள்.

மூன்றாவதாக, தனி ஆளாக எதிரி முகாமுக்குள் நுழையும் உளவாளிக் கதை சேலத்துக்குப் பழையது. 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1966லேயே ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' எடுத்த ஊர் இது. தாத்தா தியேட்டரில் விசில் அடித்த கதையில் பேரன் தானே நாயகன் ஆனான், அவ்வளவுதான்.

2003 செப்டம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 வந்தது. மாமா கடைக்கு வர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. யாரோ கல்லூரி ஹாஸ்டல் பையன் சிடியில் கொண்டுவந்தானாம். (ஒரிஜினலா என்று கேட்காதீர்கள். கடையில் ஒரிஜினல் சிடிக்குக் கேட்ட விலையில் மாமா ஒரு மாதம் கரண்ட் பில் கட்டுவார். செய்தது தப்புதான். ஆனால் அந்தத் தப்பு இல்லாமல் இந்த வரலாறு இல்லை.) அதன் பிறகு சனி, ஞாயிறுகளில் எட்டு சேரும் நிரம்பியது. தோற்ற டீம்தான் இரண்டு டீமுக்கும் காசு கட்டவேண்டும் என்று பையன்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

புகழ் வேறு, பரவல் வேறு

இந்த இடத்தில்தான் என் கேள்விக்கான முதல் பதில் கிடைத்தது.

2004ல் ஐடி சாஃப்ட்வேர் 'டூம் 3' வெளியிட்டது. அதன் இருட்டையும் நிழலையும் விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அதற்குக் குறைந்தபட்சத் தேவை: 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, 384 எம்.பி. ராம், 64 எம்.பி. கிராஃபிக்ஸ் கார்டு. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6க்கு வால்வ் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவை: 500 மெகாஹெர்ட்ஸ், 96 எம்.பி. ராம், 16 எம்.பி. கார்டு.

மாமா கடையின் 128 எம்.பி. ராமில் எது ஓடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதே 2004ல் 'ஹாஃப் லைஃப் 2' வந்தது. வரலாற்றிலேயே அதிகம் பாராட்டப்பட்ட விளையாட்டுகளில் ஒன்று. ஆனால் முதலில் இணையத்தில் இணைந்து ஸ்டீமில் பதிவு செய்தால்தான் ஆடவே முடியும். டயல்அப் ஊரில் அது பூட்டிய வீடு. மாமாவிடம் கேட்டேன், "அப்படி ஒண்ணு வந்துச்சா மாப்ள?" என்று திருப்பிக் கேட்டார்.

ஆக, எது பரவும் என்பதை விளையாட்டின் உச்சபட்ச அழகு தீர்மானிப்பதில்லை. ஊரில் இருக்கும் மிகப் பழைய கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது.

ஆனால் இது மட்டும் போதாது. பழைய கம்ப்யூட்டரில் ஓடிய எத்தனையோ விளையாட்டுகள் காணாமல் போயின. கவுண்டர் ஸ்ட்ரைக் ஏன் நின்றது? எனக்குத் தோன்றியவை இவை:

1. செத்தவன் காத்திருக்கவேண்டும். டூம், க்வேக்கில் செத்தால் உடனே பிறக்கலாம். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் அந்த ரவுண்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். அவுட்டான ஆள் கோட்டுக்கு வெளியே உட்காரும் நம்ம கபடி மாதிரி. உயிருக்கு மதிப்பு வந்ததால்தான் பயம் வந்தது, பயம் வந்ததால்தான் ருசி வந்தது. அதோடு, அவுட்டானவன் ரசிகன் ஆகிறான். எட்டுப் பேரில் ஏழு பேர் செத்து, கடைசி ஒருவன் குண்டை எடுக்கப் போகும்போது கடை முழுக்க மூச்சுவிடாமல் பார்க்குமாம்.

2. எல்லோருக்கும் ஒரே தொடக்கம். 800 டாலர். பணக்கார வீட்டுப் பையனுக்கும் அதே 800, கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவர் மகனுக்கும் அதே 800. ஏகே 47க்கு 2500, பெரிய ஸ்னைப்பர் ஏடபிள்யூபிக்கு 4750. ஜெயித்து, சேர்த்துத்தான் வாங்கவேண்டும். போன வாரம் ஆயிரம் மணி நேரம் ஆடியவன் துப்பாக்கிக்கும் இன்று வந்தவன் துப்பாக்கிக்கும் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் கையில்தான். பள்ளியிலும் வீட்டிலும் எங்கே இப்படி ஒரு நியாயம் கிடைக்கிறது?

3. தப்பு யாருடையது என்று உடனே தெரியும். பரீட்சையில் தோற்றது இரண்டு வாரம் கழித்துத் தெரியும், ஏன் என்று கடைசிவரை தெரியாது. இங்கே செத்த அரை நொடியில் தெரிந்துவிடும்: ஓடினேன், காலடிச் சத்தம் கேட்டுவிட்டான். அடுத்த ரவுண்டில் மெதுவாக நடப்பேன். திருத்திக்கொள்ள வாய்ப்பு இரண்டு நிமிஷத்தில் வருகிறது. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்பதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

4. ஐந்து நிமிஷத்தில் கற்கலாம், ஐந்து வருஷம் ஆனாலும் முடியாது. கேரம் போர்டு மாதிரி. கதை உள்ள விளையாட்டு முடிந்துவிடும். இது முடிவதே இல்லை.

5. ஆடுபவனே மாற்றிக்கொள்ளலாம். டூம் தொடங்கிய வழக்கம். புது வரைபடம், புது உடை. வீட்டில் தனியாக இருப்பவனுக்கு மற்றவர்களாக நடிக்கும் 'பாட்'கள்.

இந்த ஐந்தும் ஒரு விளையாட்டில் சேர்ந்து, அது ஊரில் உள்ள மட்டமான மெஷினிலும் ஓடினால், அது பரவும். இதுதான் என் கணக்கு.

கடை மூடிய கதை

2011ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளை வெளியிட்டது. வருபவர்களின் அடையாள அட்டையைப் பதியவேண்டும், பதிவேட்டை ஒரு வருஷம் வைத்திருக்கவேண்டும் என்றெல்லாம். நாற்பது பக்க நோட்டு போதவில்லை. செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பாடம் படிக்கக் கொடுத்த லேப்டாப்பில் பென்டிரைவ் வழியாக 1.6 ஏறியது. (யார் ஏற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், பல அண்ணன்கள் இன்று நல்ல வேலையில் இருக்கிறார்கள்.) நான்கு லேப்டாப் சேர்ந்தால் மொட்டை மாடியே பிரவுசிங் சென்டர்.

பிறகு 2012. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. மாமா சொன்னார்: "ஒரு மணி நேரத்துக்குக் காசு வாங்குவேன், அரை மணியில கரண்ட் போயிரும். மீதிக் காசத் திருப்பித் தரோணும். தந்து தந்தே கடையச் சாத்திட்டேன்." யு.பி.எஸ். பேட்டரிக்கு வாங்கிய கடனை அடைக்கவே அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது ரிக் வண்டிக்கு உதிரி பாகம் விற்கிறார்.

போனுக்குள் போன மைதானம்

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா தண்ணீர் விலைக்கு வந்தது. 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல். ஒரு தீவில் நூறு பேர் குதித்துக் கடைசி ஆள் நிற்கும்வரை அடித்துக்கொள்வது. பெரும்பாலோர் பின்னாலிருந்து பார்க்கும் கோணத்தில்தான் ஆடுவார்கள், முதல் நபர் பார்வையும் உண்டு. அதனால் இதையும் குடும்பத்தில் சேர்த்துக்கொள்கிறேன். 2 ஜிபி ராம் போதும், விலை இலவசம். என் ஐந்து காரணங்களை இதன் மேல் வைத்துப் பாருங்கள்: உயிர் ஒன்றுதான், எல்லோரும் வெறுங்கையோடு குதிக்கிறார்கள், செத்தவன் நண்பனின் ஆட்டத்தைப் பார்க்கிறான். அதே சூத்திரம்!

அதைவிட மட்டமான போன் வைத்திருந்தவர்களுக்கு ஃப்ரீ ஃபயர். ஐம்பது பேர், சுமார் பத்து நிமிஷம். 'அது குழந்தை விளையாட்டு' என்று பப்ஜி கூட்டம் கேலி செய்தது. ஆனால் கிராமத்துப் பையன்கள் போனில் எது அதிகம் இருந்தது? டூம் 3ம் 1.6ம் போட்ட சண்டையே மறுபடியும்.

அதன் பிறகு அரசியல் வந்தது. சீன எல்லைப் பதற்றத்தின்போது, 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளுக்குத் தடை. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை, அதன் மேக்ஸ் பதிப்பு மட்டும் தப்பியது. அதே ஜூலையில் பிஜிஎம்ஐயும் எடுக்கப்பட்டு, 2023 மேயில் மறுபடி வந்தது. தம்பி பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

அப்பாவின் பயம் நியாயமானதா?

'துப்பாக்கி விளையாட்டு ஆடினால் கொலைகாரன் ஆவான்' என்ற பயம் பழையது. 1999ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு டூம் மீது பழி விழுந்தது. 2011ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுத்த கலிஃபோர்னியா சட்டத்தை ரத்து செய்தது. அந்த விளையாட்டுகளால் சிறுவர்கள் வன்முறையாளர் ஆகிறார்கள் என்பதை முன்வைத்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை என்றும் சொன்னது. மாமா கடையில் வருஷக்கணக்கில் சுட்டவர்கள் இன்று வங்கியிலும் ஐடி கம்பெனியிலும் பட்டறையிலும் இருக்கிறார்கள்.

அப்பாவின் பயம் அது இல்லை. எழுபதுக்கு 19தான் அவர் பயம். அந்த இடத்தில் அவரோடு எனக்குச் சண்டை போட முடியவில்லை. உலக சுகாதார நிறுவனமே 'விளையாட்டுக் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறைய நேரம் ஆடுவதையே அவர்கள் நோய் என்று சொல்லவில்லை. நிறுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் என்று தெரிந்தும் மாதக்கணக்கில் தொடர்வதைத்தான் சொன்னார்கள்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு ஒன்று சொன்னார்: "அந்தப் பசங்களும் பைத்தியமாத்தான் கெடந்தாங்க மாப்ள. ஆனா பாக்கெட்ல முப்பது ரூவாதான் இருக்கும். ரெண்டு மணி நேரம், அப்புறம் எந்திரிச்சுப் போயிருவானுங்க. ஒன்பதரைக்கு நானே ஷட்டர எறக்கிருவேன்."

எனக்கு இதுதான் கடைசித் துண்டு. இந்த விளையாட்டுகள் பரவுவதற்கான காரணங்கள் முப்பது வருஷமாக மாறவில்லை. மாறியது நிறுத்துகிற விஷயங்கள். காசு தீரும், கரண்ட் போகும், ஷட்டர் இறங்கும், அடுத்தவன் சேருக்காகக் காத்திருப்பான். இவை எதையும் விளையாட்டுக்காரர்கள் செய்யவில்லை, ஊர் செய்தது. போனில் இவை ஒன்றுகூட இல்லை. பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு உண்டு. தம்பி அப்பாவின் பிறந்த தேதியைப் போட்டு ஆடியிருக்கிறான்! அப்பாவுக்கு இது இன்னும் தெரியாது, யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

போன மாதம் செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போனபோது, என் லேப்டாப்பில் 1.6 போட்டு அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "இதுல என்ன இருக்குன்னு கேட்டீங்களேப்பா, பாருங்க" என்றேன். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். தம்பி மௌஸைப் பிடித்தான். இரண்டு ரவுண்டு பேசாமல் இருந்தார். மூன்றாவதில் திடீரென்று, "டேய், பின்னால எவனோ நடக்கறான், சத்தம் கேக்கலியா உனக்கு?" என்றார்.

தம்பி திரும்பிச் சுட்டான். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

அன்று நான்கு ரவுண்டு ஆடினோம். பிறகு அப்பாவே எழுந்து, "சரி, போதும். சாத்து" என்றார். சாத்தினோம். தம்பிக்குப் புது போன் பரீட்சை முடிந்த பிறகுதான் என்று முடிவாகியிருக்கிறது. முழுப் பரீட்சை இயற்பியல் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அரையாண்டில் 38 வாங்கினான்.

உங்கள் ஊரில் எந்த விளையாட்டு இருந்தது? உங்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியது எது? காசா, கரண்ட்டா, கடைக்கார அண்ணனா? சொல்லுங்கள், மாமாவிடம் காட்டவேண்டும்.